புதுப்பிப்பு: நடிக்கப் பயிற்சி வேண்டுமா?

சென்ற மாதம், ‘நடிக்க வருகிறவனுக்குப் பயிற்சி எதற்கு? விஜய் சேதுபதி கூத்துப்பட்டறை நாடகக் குழுவில் கணக்குத்தானே எழுதினார்’ என்று வீறாப்பாக எழுதியிருந்தேன். அதில் பாதியைத் திரும்பப் பெறுகிறேன். கணக்கு எழுதிய இடம் எது என்பதை யோசிக்காமல் விட்டுவிட்டேன். நாடக ஆசிரியர் ந. முத்துசாமி 1977இல் தொடங்கிய பட்டறை அது. நடிகர் பசுபதி போன்றவர்கள் உடலையும் குரலையும் பழக்கிய இடம். அதை அன்றாடம் பார்த்துக்கொண்டிருப்பதும் ஒரு படிப்புதான்.

இதற்கிடையே நானும் ஒரு சிறு நாடகக் குழுவில் சேர்ந்தேன். முதல் வாரம் வசனமே இல்லை. காலி டம்ளரில் சூடான காபி இருப்பதாக நினைத்து நடக்கச் சொன்னார்கள். விளிம்பைப் பிடிக்காமல் நடுவில் இறுகப் பற்றினேன். ‘கை சுடவில்லையா?’ என்றார் ஆசிரியர்.

ஆனால், மூன்றே நாளில் நடிகராக்குவதாகச் சொல்லிப் பணம் பிடுங்கும் இடங்களைப் பற்றி அன்று எழுதியதில் ஒரு சொல்லையும் மாற்றப்போவதில்லை.