லோடு குறைந்த நேரத்தில் எந்த வண்டியை நிறுத்துவது? சங்ககிரி, சேலம் பக்க ஓனர்கள் சொல்லுங்கள்

வணக்கம் அண்ணன்மார்களே. பத்து வீல் நேஷனல் பர்மிட் வண்டி மூன்று ஓடுகிறது. சேலத்திலிருந்து ஜவ்வரிசி மகாராஷ்டிராவுக்கு, அங்கிருந்து வெங்காயம் ரிட்டர்ன். இப்போது போகும் லோடே குறைவு. ரிட்டர்னுக்கு மூன்று நாள் காத்திருந்தால் பேட்டாவும் (டிரைவர் படி) டியூவும் (வண்டிக் கடன் தவணை) வாடகையைத் தின்றுவிடுகின்றன.

ஒன்றை நிறுத்தலாம் என்று யோசனை. டியூ முடிந்த பழைய வண்டியை நிறுத்துவதுதான் சரி என்று படுகிறது. எட்டு வருஷம் தாண்டியதால் அதற்கு வருஷா வருஷம் எஃப்.சி. (தகுதிச் சான்று); பெயின்ட், பட்டறை வேலை, டயர் எல்லாம் சேர்ந்து வரும். டியூ உள்ள வண்டி நின்றாலும் வட்டி நிற்காது, அது ஓடியே ஆக வேண்டும்.

நிறுத்தும் வண்டிக்கு பேட்டரி நெகட்டிவ் கழற்றி, டேங்கில் டீசல் நிரப்பி (காலியாக இருந்தால் உள்ளே ஈரம் கோத்து தண்ணீர் இறங்கும்), ஆக்சிலை ஜாக்கியில் தூக்கி மரக்கட்டை கொடுக்கப் போகிறோம். நல்ல டயர்களை ஓடும் வண்டிக்கு மாற்றிவிடலாம்.

தெரிய வேண்டியது:

குவார்ட்டர் டாக்ஸ் (மூன்று மாத வண்டி வரி) விலக்குக்கு ஆர்.டி.ஓ.வில் எப்போது எழுதிக் கொடுக்க வேண்டும்? ஆர்.சி., பர்மிட்டை ஒப்படைக்கச் சொல்கிறார்களா?

டியூ 90 நாள் பாக்கியானால் கணக்கு வாராக்கடனாகிவிடும். அதற்கு முன்பே டியூவைக் குறைத்து மாதங்களை நீட்டித் தரச் சொல்லி ஃபைனான்ஸில் கேட்டவர்கள் என்னென்ன பேப்பர் கொடுத்தீர்கள்?

நாசிக் பக்கம் ஹால்டிங் காசை (வண்டி காத்து நிற்கும் நாளுக்கான பணம்) ஒழுங்காகத் தரும் புக்கிங் ஆபீஸ் தெரிந்தால் இன்பாக்ஸில் சொல்லுங்கள். டிரைவர்கள் மூவரையும் வேலையை விட்டு அனுப்பாமல் சமாளிக்க வேண்டும்.