பித்தளைப் பிடி, ஒரு முனையில் கத்தி, மறுமுனையில் ஊசி: இது என்ன?

கேள்வி:
பழைய மரப்பெட்டியின் அடியில் கிடைத்தது. மடித்த நிலையில் 13 செ.மீ. நீளம், 85 கிராம் எடை. பித்தளைத் தகட்டை மடக்கிச் செய்த பிடி, நடுவில் நீளப் பள்ளம். ஒரு முனையில் 6 செ.மீ. கத்தி, பேனாக்கத்தி போலத் திறக்கிறது. மறுமுனையில் ஓர் இரும்பு மடங்கித் துருவேறிக் கிடக்கிறது. நுனி மட்டும் ஊசி போலத் தெரிகிறது, வெளியே வரவில்லை. கூடவே 15 செ.மீ. மெல்லிய பித்தளைக் கம்பி ஒன்று, ஒரு தலை தட்டை. வைத்தியர் கருவியா? புளியில் ஊறவைத்துத் திறக்கலாமா?

பதில் 1:
குதிரைக்கு ரத்தம் எடுக்க ஐரோப்பியர் வைத்திருந்த கத்தி இப்படித்தான் பித்தளை உறைக்குள் மடங்கும். அதுவாக இருக்கலாம்.

பதில் 2:
அது இல்லைங்க. அந்தக் கத்தியின் அலகில் பக்கவாட்டில் முக்கோணப் பல் ஒன்று துருத்தி நிற்கும், அலகுகள் எல்லாம் ஒரே முனையில் மாட்டியிருக்கும். இங்கே முனைக்கு ஒன்று. இது மடக்கெழுத்தாணி, பனை ஓலையில் கீறி எழுதும் கருவி. எழுத்தாணியில் வகைகள் உண்டு. குண்டெழுத்தாணி கனத்த கொண்டையுள்ளது, எழுதப் பழகுபவர்களுக்கு. வாரெழுத்தாணியில் மேல்பக்கம் கத்தி, கீழ்ப்பக்கம் கூர். அதையே மடக்கிப் பிடிக்குள் அடக்கியதுதான் உங்களிடம் இருப்பது. கத்தி ஓலையின் ஓரத்தை வாருவதற்கு, அதாவது சீவி ஒழுங்காக்குவதற்கு.

அந்தக் கம்பி நாராசமாக இருக்கும். சுவடியில் இரண்டு துளை போடுவார்கள். ஒன்றில் கயிறு, மற்றதில் ஏடுகள் நகராமலிருக்க இந்தக் கம்பி. பெட்டியில் ஓலைத் துண்டு ஏதாவது கிடக்கிறதா, ஒருமுறை நன்றாகத் துழாவுங்கள்.

கேட்டவர்:
செருப்பு தைக்கும் குத்தூசி இல்லை என்று எப்படி உறுதி செய்வது?

பதில் 2:
பூதக்கண்ணாடியில் நுனியைப் பாருங்கள். குத்தூசி தோலைத் துளைக்க வேண்டும், அதனால் பட்டை தீட்டியோ கொக்கி வெட்டியோ இருக்கும். எழுத்தாணி நுனி உருண்டு, உச்சி லேசாக மழுங்கியிருக்கும். ஓலையின் மேல்தோலைக் கீற வேண்டுமே தவிரக் கிழிக்கக்கூடாது. மெய்யெழுத்துக்குப் புள்ளி வைத்தால் ஏடு பொத்துவிடும் என்றுதான் பழைய சுவடிகளில் புள்ளியையே பெரும்பாலும் விட்டுவிட்டார்கள். தீட்டிக் கூராக்கிவிடாதீர்கள், அடையாளமே அந்த மழுங்கல்தான்.

பதில் 3:
புளி வேண்டவே வேண்டாம். புளிப்பு இரும்பை அரிக்கும். பித்தளையிலிருந்து கரையும் செம்பு இரும்பின் மேல் சிவப்பாகப் படியும், பிறகு அதைக் கழற்றுவது தனி வேலை. தேங்காய் எண்ணெயும் கூடாது, நாள்பட்டால் காறிப்போய் பித்தளையில் பச்சைப் பசை கட்டும்.

தையல் மெஷின் எண்ணெய் போதும். ஊசி மடங்குவதற்காகப் பிடியில் ஆணி அடித்த இடத்தில் பக்கத்துக்கு 2 சொட்டு விட்டு, அந்த முனை கீழே இருக்கும்படி ஒரு நாள் நிறுத்தி வையுங்கள். பிறகு மூங்கில் சிம்பைப் பள்ளத்துக்குள் விட்டு, ஊசியின் அடிப்பக்கத்தில், ஆணியை ஒட்டி நெம்புங்கள். நுனியைக் குறடால் இழுத்தால் ஒடிந்துவிடும். அசையவில்லை என்றால் மறுபடி எண்ணெய், மறுபடி ஒரு நாள். ஆணியைத் தட்டிக் கழற்றாதீர்கள், பழையபடி அடிக்க முடியாது.

கேட்டவர்:
மூன்றாம் நாள் திறந்தது. நுனி உருண்டைதான். பள்ளத்துக்குள் கறுப்பாக ஏதோ அப்பியிருக்கிறது. சுரண்டலாமா?

பதில் 3:
விட்டுவிடுங்கள். பழைய எண்ணெயும் துருவுமாக இருக்கலாம், ஓலையில் கீறிய எழுத்து தெரிவதற்குத் தடவிய கரிமையாகவும் இருக்கலாம். உதிர்கிற செந்துருவை மட்டும் மண்ணெண்ணெய் தொட்ட துணியால் துடைத்து, காய்ந்ததும் இரும்பில் மெல்ல ஒரு பூச்சு எண்ணெய் விடுங்கள். மடித்து வைக்காமல் பாதி திறந்தே வையுங்கள். பித்தளையும் இரும்பும் ஒட்டியிருக்கும் இடத்தில் ஈரம் தங்கினால் இரும்புதான் முதலில் போகும்.

கேட்டவர்:
பெட்டி மூலையில் இரண்டு ஓலைத் துண்டு இருக்கிறது, எழுத்தோடு.

பதில் 2:
எண்ணெய் பட்ட கையால் தொடாதீர்கள். நிமிர்த்தவும் வேண்டாம், உடையும். வெள்ளைத் தாளுக்கு நடுவே வைத்துப் படம் எடுத்துக்கொண்டு, சென்னை என்றால் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகத்திலோ பெசன்ட் நகர் உ.வே.சா. நூலகத்திலோ, தஞ்சாவூர்ப் பக்கம் என்றால் சரசுவதி மகால் நூலகத்திலோ காட்டுங்கள். எழுத்தாணியையும் கொண்டுபோங்கள்.