பிரிட்டிஷ் ராக் குழு பிங்க் ஃபிளாய்டின் அந்த ஆல்பத்தை முதலில் எப்படிக் கேட்டீர்கள்?

பழைய கேசட்:

1973 மார்ச்சில் வெளிவந்த ‘தி டார்க் சைட் ஆஃப் தி மூன்’ உங்களிடம் எப்படி வந்து சேர்ந்தது என்று அறிய ஆசை. நானே தொடங்கிவிடுகிறேன்.

எண்பதுகளில் எங்கள் ஊரில், வெற்று கேசட்டைக் கொடுத்தால் கேட்ட பாட்டைப் பதிந்து தரும் கடை ஒன்று இருந்தது. ஆல்பம் சுமார் 43 நிமிடம். நான் கொடுத்ததோ 60 நிமிட கேசட். மிச்ச நாடா வீணாகக் கூடாதென்று கடைக்காரர் முதல் பக்கத்தின் கடைசியில் போனி எம் பாட்டைச் சேர்த்துவிட்டார். சாவைப் பற்றிய பாட்டில் ஒரு பெண் சொல்லே இல்லாமல் கதறி ஓய்வார். அடுத்த நொடி டிஸ்கோ! இன்றைக்கும் அந்தக் கதறல் அடங்கியதும் என் கால் தாளம் போடத் தயாராகிவிடுகிறது.

ஒலிக்கூடத்தான்:

ஒலிப்பதிவுப் பொறியாளனாகத் தொழில் பழகும்போது என் குருநாதர் போட்டுக் காட்டிய முதல் தட்டு இதுதான். ‘மணி’ பாட்டின் தொடக்கத்தை மட்டும் திரும்பத் திரும்பப் போட்டார். நாணயங்கள் உருளும், காகிதம் கிழியும், கல்லாப்பெட்டி திறக்கும். எல்லாம் ஏழு எண்ணிக்கைத் தாளத்தில். “இதைக் கணினி இல்லாமல் எப்படிச் செய்திருப்பார்கள், சொல்” என்றார். நான் விழித்தேன்.

குழுவின் பாஸ் கிதார் கலைஞர் ரோஜர் வாட்டர்ஸ் தம் மனைவி களிமண் பிசைய வைத்திருந்த பாத்திரத்தில் காசுகளை வீசிப் பதிவு செய்தார். பிறகு ஒவ்வோர் ஓசைக்கும் உரிய நாடாத் துண்டை அளவுகோல் வைத்து அளந்து வெட்டி, ஒட்டி, வளையமாக்கினார்கள். வளையம் நீளமாகிவிட்டதால் மைக் நிறுத்தும் கம்பியைச் சுற்றிக்கொண்டு ஓடியதாம். கிதார் தனி வாசிப்பு வரும் இடத்தில் மட்டும் தாளம் நான்குக்கு இறங்கும். ஏழில் சிக்கித் தவித்த காதுக்கு அங்கேதான் மூச்சு வரும்.

இந்த ஆல்பத்தின் ஒலிப்பதிவுப் பொறியாளர் ஆலன் பார்சன்ஸைப் பற்றிச் சொல்லாமல் விட மனமில்லை. அப்போது ஈஎம்ஐ இசைத்தட்டு நிறுவனத்தில் வாரம் 35 பவுண்டு சம்பளக்காரர். நான்கு திசை ஒலியைச் செய்துகாட்டுவதற்காக ஒரு கடிகாரக் கடையில் ஒவ்வொரு கடிகாரத்தையும் தனித்தனியாகப் பதிந்து வைத்திருந்தார். அதுதான் ‘டைம்’ பாட்டின் தொடக்கத்தில் நம்மைத் தூக்கிவாரிப் போடும் மணியோசை. இந்த ஆல்பத்துக்காக அவர் கிராமி விருதுக்குப் பரிந்துரைக்கப்பட்டார், கிடைக்கவில்லை. தேர்வாளர்களின் காதுகளைப் பற்றி என் கருத்தை நாகரிகம் கருதி விட்டுவிடுகிறேன்.

வடலண்டன்வாசி:

எனக்கு ஆல்பம் பிறகு, கட்டடம்தான் முதலில். பதிவு நடந்த ஏபி ரோடு கூடத்தின் வழியாகத்தான் என் பஸ் போகும். பீட்டில்ஸ் குழுவினர் தங்கள் ஆல்பத்தின் அட்டைப் படத்துக்காக நடந்த பாதசாரிக் கோட்டில் நடந்து படமெடுக்க எப்போதும் ஒரு கூட்டம் சாலையை மறித்துக்கொண்டு நிற்கும். ஓட்டுநர்கள் பாவம்.

என்னை ஈர்த்தது அந்தக் கூடத்தின் வாயிற்காவலர் கதை. வாட்டர்ஸ் அட்டைகளில் கேள்விகளை எழுதி, கூடத்தில் கையில் அகப்பட்டவர்களையெல்லாம் உட்காரவைத்து, ஆல்பத்தில் இடையிடையே சேர்ப்பதற்காகப் பதில் சொல்ல வைத்தார். கடைசியாக எப்போது அடிதடியில் இறங்கினாய், நியாயம் உன் பக்கம்தானா, சாவுக்குப் பயமா என்பது போன்ற கேள்விகள். பீட்டில்ஸ் பால் மெக்கார்ட்னியும் பதில் சொன்னார். ஆனால் சாமர்த்தியமாகப் பேசுகிறார் என்று அதைச் சேர்க்கவில்லை. வாயிற்காவலர் ஜெரி ஓட்ரிஸ்கால் மனத்தில் பட்டதைச் சொன்னார். சாகப் பயமில்லை என்பதும் அவர் குரல்தான். நிலவுக்கு இருண்ட பக்கமென்று தனியாக ஒன்றுமில்லை, உண்மையில் எல்லாமே இருட்டுதான் என்று ஆல்பத்தை முடித்துவைப்பதும் அவர்தான். பெரிய நட்சத்திரம் வெளியே, காவலர் உள்ளே! இதற்காகவே வாட்டர்ஸின் மற்றக் கர்வங்களை மன்னிக்கலாம்.

கோரஸ் குரல்:

பழைய கேசட் அண்ணா, உங்கள் டிஸ்கோவுக்கு முன்னால் கதறிய பெண்ணைப் பற்றி நான் சொல்கிறேன். திரைப்பாடல்களுக்குக் கோரஸ் பாடிப் பிழைப்பவள் நான். ஒரு பதிவின் இடைவேளையில் தோழி ஹெட்போனைக் காதில் மாட்டி, “இது யாரென்று கேள்” என்றாள்.

கிளேர் டோரி. 1973 ஜனவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பார்சன்ஸ் சொல்லி வரவழைக்கப்பட்டார். குழுவின் கீபோர்டு கலைஞர் ரிக் ரைட் அமைத்த பியானோ இசையைப் போட்டு, பாடு என்றார்கள். வரி கிடையாது, மெட்டும் கிடையாது. “ஓ பேபி” என்று தொடங்கியவரை அதெல்லாம் வேண்டாம் என்று நிறுத்தினார்கள். சரி, என் குரலை ஒரு கருவியென்று நினைத்துக்கொள்கிறேன் என்று மனத்துக்குள் முடிவு செய்து பாடினார். முடித்தபோது யாரும் பெரிதாகப் பாராட்டவில்லை; இதைப் பயன்படுத்த மாட்டார்கள் என்றே நினைத்துக்கொண்டு போனார். கூலி 30 பவுண்டு. தட்டு வந்த பிறகு கடையில் உறையைத் திறந்து பார்த்தபோதுதான் பாட்டு இடம்பெற்றது அவருக்கே தெரிந்தது.

பெயராவது இருந்ததே என்று எனக்குத் தோன்றியது. நான் முழுதாகப் பாடிய ஓர் ஆலாபனை ஒரு படத்தில் இருக்கிறது. உறையில் என் பெயர் இல்லை.

ஆனால் அவர் பாடகியாக மட்டும் நின்றுவிடவில்லை. அந்த மெட்டைக் கட்டியதே நான்தானே என்று 2004-இல் வழக்குத் தொடுத்தார். 2005-இல் சமரசம் ஏற்பட்டது. இப்போது இசையமைப்பில் ரைட்டின் பெயரோடு அவர் பெயரும் அச்சாகிறது. அமெரிக்காவில் மட்டும் 1973 முதல் 1988 வரை பில்போர்டு ஆல்பத் தரவரிசைப் பட்டியலில் 741 வாரம் இருந்த ஆல்பம், உலகம் முழுக்க 4 கோடிக்கு மேல் விற்ற சரக்கு. அதில் பங்கு கேட்க முப்பது ஆண்டு ஆனது என்பதை நினைத்தால் எனக்கு இன்னும் வயிறு எரிகிறது.

சந்தேகப் பிராணி:

இவ்வளவு புகழ்ச்சி தேவையா? நேற்று கைப்பேசியில் போட்டுப் பார்த்தேன். இதயத் துடிப்பு, ஹெலிகாப்டர், சிரிப்பு… பாட்டு எங்கே?

ஒலிக்கூடத்தான்:

தம்பி, அந்தத் துடிப்பும் இதயம் இல்லை. குழுவின் டிரம்மர் நிக் மேசனின் பெரிய டிரம். இருக்கட்டும், ஷஃபிளில் போட்டீர்களா? பாட்டுகள் ஒன்றுக்குள் ஒன்று ஓடுமாறு கோத்தவை. வரிசைப்படி போடுங்கள். செயலியில் பாட்டுகளுக்கு நடுவே இடைவெளி விடாத வசதி இருந்தால் அதையும் போட்டுக்கொள்ளுங்கள். ‘பிரெய்ன் டேமேஜ்’ முடிந்து ‘எக்லிப்ஸ்’ தொடங்கும் இடத்தில் அரை நொடி வெட்டு விழுந்தாலும் எனக்குக் கோபம் வரும். கேட்டுவிட்டு வந்து திட்டுங்கள், பதில் சொல்கிறேன்.