'கேரக்டர் லைசென்சிங்' தமிழில் என்ன?

அன்புள்ள குழுவினருக்கு,

திங்கட்கிழமை வணிகவியல் வகுப்பில் அனிமேஷன் நிறுவனங்களின் வருவாய் பற்றிப் பாடம் எடுக்கிறேன். டிக்கெட் வசூலைச் சொல்லிவிடலாம். 'கேரக்டர் லைசென்சிங்' என்ற இடத்தில்தான் நிற்கிறேன். 1933இல் இங்கர்சால் நிறுவனம் மிக்கி மவுஸ் கைக்கடிகாரம் விற்றது. எலியின் இரண்டு கைகளே முட்கள். செய்ததும் விற்றதும் அவர்கள். டிஸ்னி எலியைத் தந்து ராயல்டி பெற்றது. 'பாத்திர உரிமம்' என்று எழுதிப் பார்த்தேன். மாணவி ஒருவர் "சமையல் பாத்திரமா?" என்று கேட்டார்.

— செ.

அம்மா, பாத்திரம் வடசொல். 'கதைமாந்தர் உரிமம்' என்று எழுதுங்கள்.

— இள.

ஐயா, மாந்தர் என்றால் மக்கள். 2006இல் வந்த 'கார்ஸ்' படத்தில் ஒரு மனிதர்கூட இல்லை, எல்லாம் வண்டிகள். பொம்மைக் கார்கள் விற்றுக் குவிந்த படமும் அதுதான். "உயர்திணை என்மனார் மக்கட் சுட்டே" என்று படித்துவிட்டுக் காரை மாந்தர் என்பதா? பேசும் அஃறிணைக்கு நன்னூலார் "கேட்குந போலவும் கிளக்குந போலவும்" என்று இடம் தந்திருக்கிறார். ஆனால் அஃறிணையாகவே வைத்துத்தான் தந்தார்.

என் பரிந்துரை 'உரு'. எலிக்கும் காருக்கும் பொருந்தும். தாலிக்கொடியில் கோப்பதும் உரு, மனத்தில் பதியும்படி திரும்பத் திரும்பச் சொல்வதும் உருப்போடுதல். ரூபம் என்பதே உருவிலிருந்து போனது என்பது என் துணிபு. உரு + உரிமம் = உருவுரிமம். உகரம் தனிக்குறிலை அடுத்து வருவதால் முற்றியலுகரம். வகர உடம்படுமெய் கட்டாயம்.

— ந.

'உருவுரிமம்' என்றால் மாணவர் காதில் 'உருவுதல்' என்றுதான் விழும். ரூபத்தின் வேரை இன்னொரு நாள் பார்ப்போம். 2010இல் 'டாய் ஸ்டோரி 3' ஏறத்தாழ 20 கோடி டாலரில் உருவானது; அதே ஆண்டில் இல்லுமினேஷன் நிறுவனம் தன் முதல் படத்தை ஏறத்தாழ 7 கோடியில் முடித்தது. அதில் வந்த மினியன்கள் பிறகு கடைகளை நிறைத்தன. குறைந்த செலவில் படம், விலைபோகும் கேரக்டர் என்ற இந்தக் கணக்குப் புரிவதுதான் பாடம். 'கேரக்டர் உரிமம்' போதும். உரிமம் என்ற சொல்லைத் தமிழர் பழகிக்கொண்டார்களே, அதுவே பெரிது.

— மு.

பழகிய சொல்லையே பிடித்துக்கொண்டிருந்தால் 'உரிமம்' வந்திருக்காது, 'லைசென்ஸ்'தான் இருந்திருக்கும்.

— இள.

நால்வர் தனிமடலிலும் 'கேரக்டர் உரிமம்' என்றே எழுதியிருக்கிறார்கள். கரும்பலகையில் அதை எழுதி, பக்கத்தில் 'உரு உரிமம்' என்று பிரித்து எழுதுகிறேன். அனைவருக்கும் நன்றி.

— செ.

பிரித்து எழுதுவதை நான் ஏற்கவில்லை, அம்மா. மேலும் ஒன்று: உரிமம் வாங்குபவர் தோற்றத்தோடு பெயரையும் சேர்த்தே வாங்குகிறார். 'உரு' அதைத் தாங்குமா என்று இப்போது எனக்கே ஐயம் எழுகிறது. 'பெயருரு' என்று பார்க்கலாமா?

— ந.