எண்ணெய்க் கசிவை வகுப்பில் காட்டியபோது: உங்கள் அனுபவம்?

நாலாங்கிளாஸ் டீச்சர்:
தட்டுத் தண்ணீர், எண்ணெய், இறகு, எல்லாரும் செய்வதுதான். இறகைச் சோப்பில் அலசி முடித்ததும் ஒரு சிறுமி, "அப்போ கூழைக்கடாவுக்கும் சோப்புப் போட்டா சரியாயிடும்ல மிஸ்?" என்றாள். வகுப்பே தலையாட்டியது. அதுதான் உறுத்துகிறது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் வெள்ளத்தோடு மணலிப் பக்கமிருந்து எண்ணூர் முகத்துவாரத்துக்கு எண்ணெய் வந்தபோது, கறுத்த இறகோடு நின்ற கூழைக்கடாக்களைப் பார்த்த பிள்ளைகள் அவர்கள்.

கழிமுகம்:
வெறும் சமையல் எண்ணெய் ஊற்றினால் அப்படித்தான் கேட்பார்கள், சுலபமாகப் போய்விடுமே. 3 மேசைக்கரண்டி கடலை எண்ணெயில் 2 மேசைக்கரண்டி கோகோ பவுடரைக் கட்டியில்லாமல் குழையுங்கள். தேங்காய் எண்ணெய் வேண்டாம், ஏ.சி. அறையில் உறைந்துவிடும். சாயமேற்றிய கைவினை இறகும் உதவாது. வாத்து இறகு நல்லது. முதலில் சுத்தமான இறகில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டு, அது உருண்டு ஓடுவதைக் காட்டுங்கள். பிறகு எண்ணெய். அரை லிட்டர் வெதுவெதுப்பான நீரில் ஒரு தேக்கரண்டி பாத்திரம் கழுவும் திரவம் கலந்து கழுவி, சரியாக அலசாமலே உலர்த்திவிட்டு மறுபடி சொட்டு விடுங்கள். இந்த முறை உருளாது, இறகுக்குள் இறங்கிவிடும். சோப்பு மிச்சமிருந்தாலும் பறவை நனையும் என்பதை அந்த ஒரு சொட்டே சொல்லிவிடும்.

ஈரமணல்:
கழிமுகம் சொல்வது சரி, ஆனால் சிக்கல் கோகோவில் இல்லை, வரிசையில் இருக்கிறது. பிடித்த பறவையை யாரும் உடனே கழுவுவதில்லை. குளிரிலும் பசியிலும் சோர்ந்திருக்கும். அலகால் இறகைக் கோதும்போது எண்ணெயை விழுங்கியிருக்கும். முதலில் கதகதப்பு, குழாய் வழியே திரவம், ஓய்வு. தேறிய பிறகே 40 டிகிரி நீரில் கழுவல், அதுவும் தொட்டி மாற்றி மாற்றி, நீர் தெளியும்வரை. தேறாததைக் கழுவினால் அந்த அதிர்ச்சியிலேயே இறந்துவிடும்.

குளிர் எப்படிக் கொல்கிறது என்று காட்ட இரண்டு சிறிய பாட்டில் போதும். இரண்டிலும் ஒரே அளவு, 50 டிகிரி வெந்நீர். ஒன்றுக்கு உலர்ந்த பஞ்சு, மற்றதற்கு நனைத்துப் பிழிந்த பஞ்சு சுற்றி, 5 நிமிடத்துக்கு ஒருமுறை வெப்பமானி வையுங்கள். ஈரப் பஞ்சுப் பாட்டில்தான் சீக்கிரம் ஆறும். மூடியைத் திறந்து வைத்தால் இரண்டும் வேகமாக ஆறி, வித்தியாசம் மங்கிவிடும். எண்ணெய் தானாகக் குளிர்விப்பதில்லை. இறகுகளை ஒட்டவைத்து, தோலை ஒட்டிய மெல்லிய உள்தூவிவரை தண்ணீரை விட்டுவிடுகிறது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். இன்னொன்று, யாரும் கேட்கவில்லை என்றாலும்: முடிந்ததும் எண்ணெயைத் தொட்டியில் கொட்டாதீர்கள், செய்தித்தாளில் ஒற்றிக் குப்பையில் போடுங்கள். கரையில் எண்ணெய்ப் பறவையைக் கண்டால் தொடாமல் வனத்துறைக்குச் சொல்லவும் பழக்குங்கள்.

அலையாத்தி:
எல்லாரும் பறவையோடு நின்றுவிட்டீர்கள். எண்ணூரில் அலையாத்தி மரங்களின், சேற்றுக்கு மேலே நீட்டி நிற்கும் மூச்சுவேர்கள்மேலும் எண்ணெய் படிந்தது. அந்த வேர்களில் காற்று போகும் நுண்துளைகள் உண்டு. அடைபட்டால் சேற்றுக்குள் இருக்கும் வேர் மூச்சுத் திணறும். இதற்கு எந்தச் சோப்பும் கிடையாது.

அந்தச் சிறுமியிடம் தென்னாப்பிரிக்காவின் கேப் டவுனில் நடந்ததைச் சொல்லுங்கள் டீச்சர். 2000 ஜூனில் 'ட்ரெஷர்' கப்பல் மூழ்கியபோது எண்ணெய் படிந்த ஏறத்தாழ 19,000 பெங்குவின்களைக் கழுவினார்கள். எண்ணெய் படாத இன்னும் அத்தனையைப் பிடித்து லாரியில் போர்ட் எலிசபெத் கொண்டுபோய்க் கடலில் விட்டார்கள். அவை பல நூறு கிலோமீட்டர் நீந்தித் திரும்புவதற்குள் அவை வாழும் தீவுகளைச் சுத்தம் செய்ய நேரம் கிடைத்தது. இந்த இரண்டாவது கூட்டத்துக்குச் சோப்பே தேவைப்படவில்லை.