அமெரிக்காவில் பைக் ஓட்டுவோர்: மாநிலச் சட்டம் எதுவரை, கூட்டாட்சிச் சட்டம் எதுவரை?

புல்வெளிப் பயணி (இல்லினாய்) கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். இந்தக் கோடையில் நண்பர்கள் சிலருடன் கென்டக்கி வழியாக டென்னசியின் ஸ்மோக்கி மலைப் பகுதிக்கு மோட்டார் சைக்கிளில் செல்லத் திட்டமிட்டிருக்கிறேன். வழியைக் குறித்துக்கொண்டிருந்தபோது ஒரு விஷயம் உறைத்தது. எங்கள் இல்லினாயில் தலைக்கவசம் யாருக்கும் கட்டாயமில்லை. கென்டக்கியில் 21 வயதைக் கடந்தவர்களில் பெரும்பாலோருக்கு விலக்கு உண்டு. டென்னசி எல்லையைத் தாண்டியதும் எல்லோரும் அணிந்தே ஆக வேண்டும். நான் எங்கு சென்றாலும் அணிந்துதான் ஓட்டுவேன் என்பதால் எனக்கு இதில் நடைமுறைச் சிக்கல் ஏதுமில்லை. ஆனால் இன்டர்ஸ்டேட் நெடுஞ்சாலைகளைப் பெருமளவு கூட்டாட்சி அரசின் பணத்தில் அமைத்துவிட்டு, அவற்றில் செல்பவரின் தலைக்கவசத்தை மட்டும் ஏன் அந்தந்த மாநிலத்தின் விருப்பத்துக்கு விட்டார்கள் என்பது விளங்கவில்லை.

எங்கள் குழுவில் மூத்தவர் ஒருவர், "பைக் ஓட்டுகிறவனுக்கு வாஷிங்டனால் ஆவதும் இல்லை, போவதும் இல்லை, போகிற மாநிலத்தின் சட்டத்தைத் தெரிந்துகொண்டால் போதும்" என்று உறுதியாகச் சொல்கிறார். அது சரிதானா? கூட்டாட்சிச் சட்டங்களில் நம்மைப் போன்றவர்கள் கவனிக்க வேண்டியவை எவை என்று விவரம் அறிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

பழைய சாலை (ஓஹாயோ) எழுதியது:

உங்கள் குழுவின் மூத்தவர் சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. போக்குவரத்து விதிகள் மாநிலங்களின் அதிகாரத்துக்கு உட்பட்டவை. ஓட்டுபவரைப் பார்த்து "தலைக்கவசம் அணி" என்று கூட்டாட்சி அரசு நேரடியாக ஆணையிடுவதில்லை. ஆனால் நெடுஞ்சாலை நிதி அதன் கையில் இருக்கிறது. அந்த நிதியைக் காட்டி மாநிலங்களை அது பலமுறை தன் வழிக்குக் கொண்டுவந்திருக்கிறது.

1966-இல் நிறைவேறிய நெடுஞ்சாலைப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ், தலைக்கவசத்தை எல்லோருக்கும் கட்டாயமாக்காத மாநிலங்களின் நிதியில் ஒரு பகுதியை நிறுத்திவைக்கப் போக்குவரத்துத் துறைக்கு அதிகாரம் கிடைத்தது. பணம் போய்விடும் என்றதும் மாநிலங்கள் வரிசையாகச் சட்டம் இயற்றின. 1975-க்குள் 47 மாநிலங்களில் தலைக்கவசம் கட்டாயமாகியிருந்தது. இல்லினாயும் ஒரு சட்டத்தை இயற்றியது. ஆனால் அம்மாநில உச்ச நீதிமன்றம் 1969-இல் அதை அரசியலமைப்புக்கு முரணானது என்று தள்ளிவிட்டது. இணங்காத மாநிலங்கள்மீது போக்குவரத்துத் துறை நடவடிக்கை எடுக்க முற்பட்டபோது ஓட்டுநர் அமைப்புகளும் மாநிலங்களும் கடுமையாக எதிர்த்தன. 1976-இல் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் அந்த அதிகாரத்தையே எடுத்துவிட்டது. அடுத்த சில ஆண்டுகளில் ஏறத்தாழப் பாதி மாநிலங்கள் தங்கள் சட்டத்தை நீக்கின அல்லது இளையோருக்கு மட்டும் எனச் சுருக்கின.

1991-இல் காங்கிரஸ் மறுபடியும் இதே வழியை, இன்னும் மென்மையான வடிவில், முயன்று பார்த்தது. சட்டம் இயற்றாத மாநிலத்தின் சாலை நிதியில் ஒரு சிறு விழுக்காடு பாதுகாப்புத் திட்டங்களுக்கு மாற்றப்படும் என்ற அந்த விதியும் 1995-இல் நீக்கப்பட்டது. அதன் பின் 1997-இல் டெக்சாஸும் ஆர்கன்சாவும், 2000-இல் ஃபுளோரிடாவும், 2012-இல் மிச்சிகனும் தளர்த்தின. இன்று 17 மாநிலங்களிலும் தலைநகர் வாஷிங்டனிலும் மட்டுமே தலைக்கவசம் எல்லோருக்கும் கட்டாயம். இல்லினாய், அயோவா, நியூ ஹாம்ப்ஷயர் ஆகிய மூன்றிலும் எவருக்கும் கட்டாயமில்லை.

மது அருந்தும் வயதை 21 ஆக்கிய 1984-ஆம் ஆண்டுச் சட்டமும் நெடுஞ்சாலை நிதியைக் காட்டித்தான் நிறைவேற்றப்பட்டது. அதை 1987-இல் உச்ச நீதிமன்றம் செல்லும் என்று தீர்ப்பளித்தது. இன்றுவரை அது நீடிக்கிறது. ஆகவே தலைக்கவசத்துக்கு நாடு முழுவதற்கும் ஒரே விதி இல்லாமல் போனதற்குக் காங்கிரஸின் முடிவுதான் காரணம். அரசியலமைப்பு அதற்குத் தடையாக இல்லை. தலைக்கவசம் அணிந்த ஓட்டுநரின் உயிரிழப்பு வாய்ப்பு 37 விழுக்காடு குறைகிறது என்பது தேசிய நெடுஞ்சாலைப் போக்குவரத்துப் பாதுகாப்பு நிர்வாகத்தின் மதிப்பீடு. இதைத் தெரிந்துகொண்டும் இரண்டு முறை பின்வாங்கியது எனக்கு ஏற்புடையதாக இல்லை.

இரும்புக் குதிரை (பென்சில்வேனியா) எழுதியது:

மேலே சொன்னது ஓட்டுபவரைப் பற்றியது. வண்டிக்கும் எரிபொருளுக்கும் வந்தால் கூட்டாட்சி அரசின் பிடி மிக நேரடியானது.

முதலில் தலைக்கவசத்தின் தரத்தைப் பார்ப்போம். அதை அணிய வேண்டுமா என்பதை மாநிலம் முடிவு செய்கிறது. எது தலைக்கவசம் என்பதைக் கூட்டாட்சிப் பாதுகாப்புத் தரம் எண் 218 முடிவு செய்கிறது. உங்கள் கவசத்தின் பின்புறத்தைத் திருப்பிப் பாருங்கள். 2013 மே 13-க்குப் பின் தயாரானது என்றால், தயாரிப்பாளரின் பெயர், மாடல், போக்குவரத்துத் துறையைக் குறிக்கும் டி.ஓ.டி. என்ற எழுத்துகள், அவற்றின் கீழே தர எண்ணும் சான்றளிக்கப்பட்டது என்பதற்கான சொல்லும் இருக்க வேண்டும். இந்தச் சான்றை அரசு முன்கூட்டியே சோதித்து வழங்குவதில்லை. தயாரிப்பாளரே உறுதியளிக்கிறார், அரசு பின்னர் சந்தையில் மாதிரிகளை வாங்கிச் சோதிக்கிறது. அதனால்தான் வெறும் டி.ஓ.டி. ஒட்டியுடன் விற்கும் அலங்காரக் கவசங்கள் இன்னும் புழங்குகின்றன. உள்ளே உள்ள நுரை ஓர் அங்குலத்துக்கும் குறைவாக இருந்தால் ஐயப்படுங்கள். ஊரிலிருந்து கொண்டுவந்த, ஐ.எஸ்.ஐ. முத்திரை மட்டுமே உள்ள கவசத்தையும் நம்பிப் புறப்பட வேண்டாம். கட்டாயமாக்கிய மாநிலங்கள் பெரும்பாலும் இந்த 218-ஐயே தங்கள் சட்டத்தில் எழுதியிருக்கின்றன.

அடுத்தது பெட்ரோல். இதைத்தான் நான் மிகவும் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன், ஏனெனில் நீங்கள் செல்லும் மத்திய மேற்குப் பகுதியில்தான் இது அதிகம். சாதாரணமாகக் கிடைக்கும் பெட்ரோலில் 10 விழுக்காடு வரை எத்தனால் இருக்கும். இன்றைய பைக்குகள் பெரும்பாலும் அதைத் தாங்கும். 15 விழுக்காடு கலந்த ஈ15 வேறு. 2001 மாடல் முதலான கார்களுக்கும் அவை போன்ற இலகுரக வாகனங்களுக்கும் மட்டுமே சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை அதை அனுமதித்திருக்கிறது. மோட்டார் சைக்கிளில் ஊற்றுவது கூட்டாட்சிச் சட்டப்படி தடை செய்யப்பட்டது. பம்பில் ஆரஞ்சு நிற எச்சரிக்கை ஒட்டி இருக்கும், ஆனால் "அன்லெடட் 88" என்ற பெயரில் வழக்கமான 87 ஆக்டேன் பெட்ரோலைவிட மலிவாக விற்கும்போது அந்தச் சிறு எழுத்துகளை யாரும் நின்று படிப்பதில்லை. ஒரே குழாயில் பல ரகங்களைத் தரும் பம்புகளில் இன்னொரு தொல்லை உண்டு: முன்னால் வந்தவர் ஈ15 போட்டிருந்தால், குழாயில் தங்கிய மிச்சம் உங்கள் சிறிய தொட்டிக்குள்தான் இறங்கும். காருக்கு அது பொருட்டல்ல. மூன்று கேலன் தொட்டியில் அந்த விகிதம் கவனிக்கத்தக்கது. முடிந்தவரை ஈ15-க்குத் தனிக் குழாய் உள்ள நிலையத்தைத் தேர்ந்தெடுங்கள்.

சைலன்சர் மாற்றுகிறவர்களுக்கும் ஒரு சொல். 1972-ஆம் ஆண்டு இரைச்சல் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் வழி வந்த விதிப்படி, 1986 முதலான சாலை வண்டிகளுக்கு 80 டெசிபல் வரம்பு உண்டு. சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் இரைச்சல் பிரிவுக்கான நிதி 1980-களின் தொடக்கத்திலேயே நின்றுவிட்டதால், விதி புத்தகத்தில் இருக்கிறது, கண்காணிப்பு மட்டும் ஊருக்கு ஊர் மாறுகிறது. புகை விதி அப்படித் தூங்கவில்லை: சான்றளித்த அளவைவிட அதிகப் புகை விடும்படி எஞ்சினின் அமைப்பை மாற்றும் டியூனர் கருவிகளை விற்றதற்காக ஹார்லி-டேவிட்சன் 2016-இல் 1.2 கோடி டாலர் அபராதம் செலுத்த ஒப்புக்கொண்டது.

கடலோரக் காற்று (நியூ ஜெர்சி) எழுதியது:

இடையில் ஒரு கேள்வி கேட்க அனுமதியுங்கள். சென்னையில் அப்பா ஓட்டிய புல்லட் இருக்கிறது. அதைக் கப்பலில் இங்கே கொண்டுவந்து பதிவு செய்யக் கூட்டாட்சி விதி இடம் தருமா?

இரும்புக் குதிரை எழுதியது:

வண்டியின் வயதைப் பொறுத்தது, நண்பரே. தயாரித்து 25 ஆண்டுகள் நிறைந்துவிட்டால் பாதுகாப்புத் தரங்களிலிருந்து விலக்கு உண்டு; புகை விதிக்கு 21 ஆண்டுகள் நிறைந்து, எஞ்சின் ஆதி அமைப்பிலேயே இருக்க வேண்டும். அப்பாவின் வண்டி அதைவிட இளையது என்றால், அமெரிக்கத் தரத்துக்கு ஏற்பத் தயாரானது என்ற சான்று இல்லாமல் கொண்டுவருவது மிகக் கடினம். ராயல் என்ஃபீல்ட் இங்கேயும் விற்பனையாகிறதே என்று வாதிட்டுப் பயனில்லை. இங்கு விற்கும் வண்டிகள் தனியே சான்றளிக்கப்பட்டவை. தயாரித்த மாதமும் ஆண்டும் காட்டும் ஆவணத்தை முதலில் தேடி எடுங்கள்.

திறந்த வானம் (வர்ஜீனியா) எழுதியது:

பழைய சாலை ஐயா சொன்ன வரலாறு சரியானது. அதிலிருந்து அவர் எடுக்கும் முடிவோடு எனக்கு உடன்பாடில்லை. நானும் தலைக்கவசம் இல்லாமல் வண்டியைத் தெருவில் இறக்குவதில்லை. ஆனால் வயதுவந்த ஒருவரின் தலைக்கு மேல் நிதியை வைத்து மிரட்டும் அதிகாரம் ஒரு துறைக்குக் கிடைத்தால் அது அங்கேயே நிற்காது. 2010 வாக்கில் மோட்டார் சைக்கிள்களை மட்டும் நிறுத்திச் சோதிக்கும் சாவடிகளுக்குக் கூட்டாட்சி அரசு மானியம் கொடுத்தது. குற்றம் எதுவும் செய்யாதவரை, அவர் வந்த வாகனத்தின் வகைக்காக மட்டும் நிறுத்துவது எந்த வகையில் நியாயம்? ஓட்டுநர் அமைப்புகள் விடாமல் முறையிட்டதால், 2015-இல் நிறைவேறிய தரைவழிப் போக்குவரத்துச் சட்டம் அத்தகைய சாவடிகளுக்குக் கூட்டாட்சிப் பணத்தைச் செலவிடத் தடை விதித்தது.

நமக்குக் கவசமாக இருக்கும் கூட்டாட்சி விதிகளும் உண்டு. பலர் பயணிக்கும் கார்களுக்கென ஒதுக்கிய தடத்தில் தனியாளாகப் பைக்கில் செல்ல நமக்கு உரிமை இருக்கிறது; அபாயம் என்று மாநிலம் முறைப்படி சான்றளித்துக் கூட்டாட்சி அரசு ஏற்றாலொழிய மறுக்க முடியாது. கூட்டாட்சி நிதி பெற்ற நெடுஞ்சாலையில் பைக்கை மட்டும் குறிவைத்துத் தடை செய்யும் சட்டத்தை மாநிலமோ நகராட்சியோ இயற்றவும் முடியாது.

வேலை வழியாகக் காப்பீடு பெறுவோர் கவனிக்க வேண்டியது ஒன்று. 1996-ஆம் ஆண்டுச் சுகாதாரக் காப்பீட்டுச் சட்டம், பைக் ஓட்டுகிறார் என்பதற்காக ஒருவரை நிறுவனத் திட்டத்தில் சேர்க்காமல் தள்ளிவிடுவதைத் தடுத்தது. ஆனால் 2001-இல் வந்த விதிகள், குறிப்பிட்ட செயலால் ஏற்பட்ட காயத்துக்குப் பலன் தராமல் விலக்கத் திட்டத்துக்கு இடம் கொடுத்தன. சேர்த்துக்கொள்வார்கள், விழுந்தால் பணம் வராமலும் போகலாம். நிறுவனமே பொறுப்பேற்று நடத்தும் திட்டமாக இருந்தால், முழு ஆவணத்தில் விலக்குகள் என்ற பகுதியைப் புறப்படும் முன் வாசியுங்கள்.

பழைய சாலை எழுதியது:

திறந்த வானம் அவர்களே, சாவடி விஷயத்தில் முழுமையாக உங்கள் பக்கம்தான். தலைக்கவசத்தில் நாம் வேறுபட்டே இருப்போம். ஆனால் இருவரும் சேர்ந்து குரல் எழுப்ப வேண்டிய இடம் ஒன்று இருக்கிறது.

2023-இல் இந்நாட்டில் 6,335 மோட்டார் சைக்கிளோட்டிகளும் பின்னிருக்கையாளர்களும் உயிரிழந்தனர். சாலையில் இறந்தவர்களில் 15 விழுக்காட்டினர். எதிரே வரும் கார் நம்மைக் கவனியாமல் இடப்பக்கம் திரும்பும் ஆபத்தை ஓட்டுகிற எவருக்கும் விளக்க வேண்டியதில்லை. 2021-ஆம் ஆண்டு உள்கட்டமைப்புச் சட்டத்தின் ஆணைப்படி, புதிய கார்களில் தானியங்கி அவசர பிரேக்கைக் கட்டாயமாக்கும் விதி 2024-இல் வெளியானது. அது முன்னால் உள்ள வாகனங்களையும் பாதசாரிகளையும் கண்டறிய வேண்டும் என்கிறது. மோட்டார் சைக்கிளைக் கண்டறிகிறதா என்ற சோதனை அதில் சேர்க்கப்படவில்லை. பைக்குகளில், சக்கரம் பூட்டிக்கொள்வதைத் தடுக்கும் ஏ.பி.எஸ். பிரேக்கைக் கட்டாயமாக்கும்படி தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் 2018-இல் பரிந்துரைத்தது. இந்தியாவில் 125 சி.சி.-க்கு மேற்பட்ட புதிய பைக்குகளுக்கு 2019-இலேயே அது கட்டாயமாகிவிட்டது. இங்கே இன்னும் விதியாகவில்லை.

இவை எல்லாவற்றையும் சேர்த்து எழுதும் தருணம் தரைவழிப் போக்குவரத்து நிதிச் சட்டம் புதுப்பிக்கப்படும்போதுதான் வருகிறது. இப்போதைய சட்டத்தின் காலம் 2026 செப்டம்பர் 30-உடன் முடிகிறது. சாவடித் தடை 2015-இல் நுழைந்ததும் இத்தகைய சட்டத்தின் வழியாகத்தான். உங்கள் பகுதி உறுப்பினருக்கு எழுதுவதானால் பொதுவாகப் பாதுகாப்பு வேண்டும் என்று எழுதாமல், பிரேக் விதியின் சோதனையில் மோட்டார் சைக்கிளைச் சேர்க்கக் கேளுங்கள். வாக்குரிமை இல்லாதவர்களும் எழுதலாம். விதி வரைவுக்குப் பொதுக் கருத்துக் கேட்கும்போது குடியுரிமையை யாரும் கேட்பதில்லை. மசோதா குழுவின் கையில் இருக்கும்போதே எழுதிவிடுங்கள். அவைக்கு வந்தபின் ஒரு வரியைச் சேர்ப்பது பெரும்பாடு.