மறு: பார்லிவைன், அப்புறம் அதன் 'பழைய' சுவை – கலைச்சொல் வேண்டும்

அன்பர்களே, வணக்கம்.

பார்லிவைன் என்ற வலுத்த பியருக்கும், ஆண்டுக்கணக்கில் வைத்தால் அதில் வரும் சுவைக்கும் தமிழ்ச்சொல் கேட்டு நான் தொடங்கிய இழை நீண்டுவிட்டது. தனித்தனியாக மறுமொழி எழுதினால் இன்றிரவு போதாது, ஒரே மடலில் சொல்லிவிடுகிறேன்.

> பார்லி, வைன் இரண்டுக்கும் தமிழ் இருக்கிறது. 'வாற்கோதுமைத் திராட்சைமது' என்று வைத்துவிட்டால் முடிந்தது. ஏன் இத்தனை சுற்று?

முடியாது, ஐயா. அதில் பேருக்கு ஒரு திராட்சை கிடையாது. முளைகட்டிய பார்லி, கசப்புக்குச் சேர்க்கும் ஹாப்ஸ் பூ, ஈஸ்ட், தண்ணீர் அவ்வளவுதான். முழுக்க முழுக்க பியர். பெயரில் வைன் வந்து ஒட்டிக்கொண்டது அதன் வலிமையால். வழக்கமான பியரில் ஆல்கஹால் 5 விழுக்காட்டை ஒட்டி இருக்கும். இதில் 8, 10, 12 என்று ஏறி, வைனுக்குப் பக்கத்தில் போய் நிற்கும். அமெரிக்காவில் இந்தப் பெயர் வைனோடு குழம்பக்கூடாது என்பதற்காக லேபிளில் 'பார்லிவைன் பாணி ஏல்' (ஏல் என்பது பியரில் ஒரு வகை) என்றுதான் போடுகிறார்கள். அவர்களே வால் ஒட்டித் திருத்திக்கொண்ட பெயரை நாம் சொல்லுக்குச் சொல் பெயர்த்துச் சுமப்பானேன்? (வாற்கோதுமைக்கு வால் ஏற்கெனவே இருக்கிறது என்று யாரும் எழுதவேண்டாம். நானே சிரித்துவிட்டேன்.)

ஆனால் 'அது வெறும் விளம்பரப் பெயர்' என்று இன்னொரு அன்பர் எழுதியதையும் ஏற்கமாட்டேன். பெயர் மிகப் பழையது. கி.மு. 401-இன் பனிக்காலத்தில் ஆர்மீனிய மலைக் கிராமங்களில் தங்கிய கிரேக்கப் படையைப் பற்றி, அதில் இருந்த எழுத்தாளர் செனபோன் எழுதும்போது 'பார்லி வைன்' என்றே சொல்கிறார். அகன்ற கலத்தில் தானியம் விளிம்புவரை மிதக்கிறது, கணுவில்லாத நாணல் குழலை வாயில் வைத்து உறிஞ்சுகிறார்கள், தண்ணீர் கலக்காவிட்டால் கடுமை தாங்காது, பழகிவிட்டால் இனிமை. இன்றைய பார்லிவைன் அந்தப் பானத்தின் நேர்வாரிசு இல்லை. ஆனாலும் 'கடுமை, பழகினால் இனிமை' என்பது அப்படியே பொருந்துகிறது.

சரி, சுவைத்தது எப்படி இருந்தது என்று மூன்று பேர் கேட்டிருந்தீர்கள். சொல் தேடி நான் இங்கே வந்ததே அதனால்தான்.

நண்பர் ஒருவர் இருபது ஆண்டுக்கு மேல் இருட்டில், குளிர்ச்சியில், நிமிர்த்தி வைத்துக் காத்த சிறு போத்தல். அந்தச் சரக்கு இப்போது தேடினாலும் கிடைக்காது. மூடியைத் திறந்தபோது 'ஸ்' என்ற சத்தம் வந்ததா இல்லையா என்றே சந்தேகம். நுரை எழவில்லை, கிண்ணத்தின் ஓரத்தில் நூல் போல ஒரு வளையம், அதுவும் அரை நிமிடத்தில் போய்விட்டது. நிறம் பழைய தேக்குக் கதவின் நிறம். குளிர்பெட்டியிலிருந்து எடுத்தவுடன் முகர்ந்தால் ஒன்றுமே இல்லை. நான் ஏமாந்துபோய் நண்பரைப் பார்த்தேன். 'கையில் வைத்துக்கொண்டு பேசாமல் இரு' என்றார். கால் மணி நேரம் கழித்து, 13, 14 டிகிரிக்கு வந்திருக்கும், உலர்திராட்சையும் பேரீச்சையும் எரித்த சர்க்கரையும் ஒன்றன்பின் ஒன்றாக எழுந்துவந்தன. அவற்றுக்குப் பின்னால் ஷெர்ரி என்ற ஸ்பானிய வைனில் வருமே, கொட்டையும் மரமும் கலந்த ஒரு வாசனை, அது. நாக்கில் ஹாப்ஸின் கசப்பு முனை மழுங்கிக் கிடந்தது. விழுங்கியபின் நெஞ்சில் மெல்லச் சூடு பரவியது, ஆனால் தொண்டை எரியவில்லை.

அடியில் ஒரு விரல் அளவு வண்டல். நண்பர் அதை அசைக்காமல், போத்தலைச் சாய்த்த சாய்வு மாறாமல், தெளிவை மட்டும் ஊற்றினார். ஆர்வக்கோளாறில் நான் மிச்சத்தைத் தனியாக ஊற்றிக் குடித்துப் பார்த்தேன். சோயா சாஸ்! செத்த ஈஸ்ட் தன்னைத் தானே கரைத்துக்கொள்ளும்போது அந்தச் சுவை வருமாம். ஒரு வாய்க்கு மேல் முடியவில்லை.

இப்போது சொல்லுக்கு வருகிறேன். நான் முன்வைத்தது 'தேறல்'.

> 'தேறல்' என்பது தேறியது, அதாவது தெளிந்தது. வண்டல் படிந்த பானத்துக்கு எப்படிப் பொருந்தும்?

அதனாலேயே பொருந்துகிறது என்பது என் கட்சி. வண்டல் இருக்கிற இடத்தில்தானே தெளிவுக்கு வேலை? பள்ளி வேதியியலில் 'தெளியவைத்து இறுத்தல்' படித்தோமே, நண்பர் செய்தது அதுதான். இறுத்து வந்தது தேறல், அடியில் நின்றது மண்டி. பழைய பியரை ஊற்றுகிறவர்களுக்கு இந்த இரண்டு சொல்லும் நாளைக்கே பயன்படும். தேறல் காய்ச்சி வடித்த சரக்கைக் குறிப்பதுபோல் ஒலிக்கிறது என்று ஒருவர் அஞ்சினார். சங்கப் பாட்டில் அது புளிக்கவைத்துத் தெளிந்த கள். யவனர் நன்கலத்தில் கொண்டுவந்ததையும் 'தண்கமழ் தேறல்' என்றே புறநானூறு (56) சொல்கிறது. ஆக, கடல் கடந்து வந்த மதுவுக்கு இந்தப் பெயரைக் கொடுக்கும் முதல் ஆள் நானில்லை.

பியருக்குப் பலர் பரிந்துரைத்த 'தோப்பி' நல்ல சொல். பெரும்பாணாற்றுப்படையில் வீட்டில் சமைத்த கள் அது. ஆனால் உரைகாரர்கள் அதை நெல்லோடு கட்டிவிட்டார்கள். பார்லியை அங்கே கொண்டுபோய்ச் செருகுவது எனக்கு ஒட்டவில்லை. 'பார்லித் தேறல்' போதும். யவம் என்றாலும் பார்லிதான், 'யவத்தேறல்' கேட்க அழகு, ஆனால் படிப்பவர் முதலில் யவனரை நினைப்பார், பிறகு அகராதியைத் தேடுவார்.

உண்மையில் இடறுவது இரண்டாவது சொல். பியர் பழசாவதற்கு நம்மிடம் இப்போது இருப்பது 'ஆக்சிஜனேற்றம்' ஒன்றுதான். அது வேதிவினையின் பெயர், சுவையின் பெயர் இல்லை. லேசான பியர் ஆறு மாதம் சூட்டில் கிடந்தால் ஈர அட்டைப்பெட்டி வாசனை வரும். நோனெனால் என்ற ஆல்டிஹைடு அதற்குக் காரணம் என்பார்கள். அதே காலமும் அதே ஆக்சிஜனும் மால்ட் (முளைகட்டிய தானியம்) மிகுந்த வலுத்த பியரில் சோட்டலான் போன்றவற்றைக் கொண்டுவருகின்றன. வெந்தயத்தின் வாசனைக்கு மூலம் அந்தச் சேர்மம்தான். ஷெர்ரி வைனிலும் அது உண்டு. ஒன்றைக் கீழே கொட்டுகிறோம், இன்னொன்றுக்காக இருபது ஆண்டு காக்கிறோம். இரண்டுக்கும் ஒரே பெயரா?

காப்பதும் விளையாட்டில்லை. 1968-இல் இங்கிலாந்தின் டார்செஸ்டரில் எல்ட்ரிஜ் போப் ஆலை, எழுத்தாளர் தாமஸ் ஹார்டி மறைந்து நாற்பதாம் ஆண்டு நினைவாக ஒரு ஏல் வடித்தது. அதை 25 ஆண்டு வைத்திருக்கலாம் என்று சொல்லியே விற்றார்கள்.

> 'முதுசுவை' என்று வைத்தால்?

முதுமை என்றவுடன் தளர்ச்சியும் கூட வந்துவிடுகிறது. 'ஊசல்' கெட்டதற்கு மிகச் சரி. அட்டைப்பெட்டி வாசனைக்கு 'ஊசல் வாடை' என்று எழுதிவிடலாம். நல்லதற்கு 'பழுனல்' என்பேன். 'நிலம்புதைப் பழுனிய மட்டின் தேறல்' என்கிறார் கபிலர் (புறம் 120): மண்ணில் புதைத்து முதிரவிட்ட கள். புதைத்தது, காத்தது, முதிர்ந்தது மூன்றும் அந்த ஒரு வினையில் இருக்கிறது. பழுத்தல் என்றாலும் பொருள் வரும், ஆனால் பழவாசனையோடு குழம்பும். இந்தப் பானத்தில் பழவாசனை வேறு தனியாக இருக்கிறதே.

இழையின் தொடக்கத்தில் நான் முன்வைத்த 'நாட்படு தேறல்' ஔவையின் சொல் (புறம் 392), தேள் கொட்டினாற்போலக் கடுக்கும் என்கிறார். அதைப் பார்லிவைனுக்குப் பொதுப்பெயராக்க வேண்டாம் என்று இப்போது ஒப்புக்கொள்கிறேன். போன மாதம் வடித்த பார்லிவைனும் பார்லிவைன்தான். நாட்படாததை நாட்படு என்று எப்படி அழைப்பது? ஆண்டுக் கணக்கில் வைத்ததற்கு மட்டும் அடைமொழியாக இருக்கட்டும்: நாட்படு பார்லித் தேறல். ஆனால் ஔவையிடம் ஒரு புகார். எங்கள் போத்தலில் தேள் செத்து வெகுநாளாகியிருந்தது.

நம் கலைச்சொல் பட்டியலில் 'பார்லித் தேறல்', 'பழுனல்', 'ஊசல் வாடை', 'மண்டி' நான்கையும் வரைவாக ஏற்றிவிட்டேன். அந்த சோயா சாஸ் சுவைக்கு மட்டும் இடம் காலியாக இருக்கிறது. 'ஈஸ்ட் தற்கரைவு' என்று யாராவது எழுதுமுன் சொல்லிவிடுகிறேன்: அதுவும் வினையின் பெயர்தான்.